பவுடர் டப்பாவில் பொரிந்த பல்லிக்குட்டி

அப்பா இறந்த மறு வருடமே அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். நான் சாந்தோமில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அம்மா என்றால் எனக்கு மாதம் ஒருமுறை தபாலில் வரும் கேசட்டில் பேசுகிற குரல்தான்.

எனக்கு எட்டு வயதானபோது அவள் முதல்முறையாக ஒரு மாத லீவில் வந்தாள். அவள் வரவுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஹால் கடிகாரத்தைக் கழற்றிய பெரியப்பா அதன் பின்னால் ஒரு பல்லிமுட்டையைப் பார்த்தார். பெப்பர்மின்ட் போல வெள்ளையாக, உருண்டையாக இருந்தது. தூக்கிப் போடப் போனவரிடம் கெஞ்சி வாங்கி, காலிப் பவுடர் டப்பாவில் பஞ்சுக்குள் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் கடிகாரம் பழைய இடத்துக்கே வந்தது. அதன் பின்னால் குடியிருந்த பெரிய பல்லியும்தான்.

அம்மா வந்த மூன்றாவது வாரம் முட்டை பொரிந்தது. குட்டி என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வயிற்றுத் தோல் வழியாக உள்ளே இருப்பதெல்லாம் நிழலாகத் தெரிந்தது. கண்கள் மட்டும் தலைக்குப் பொருந்தாத பெரிசு.

சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் பெரிய பல்லி வழக்கம்போல வெளியே வந்து பூச்சிக்குக் காத்திருந்தது. நான் ஸ்டூலில் ஏறி, அதற்கு ஒரு சாண் தள்ளிக் குட்டியைச் சுவரில் விட்டேன்.

"அம்மா, இங்க வாயேன். குட்டி அவங்கம்மாகிட்ட போவுது பாரு."

அம்மா வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

குட்டி கொஞ்ச தூரம் ஓடியது. பெரிய பல்லி தலையைத் திருப்பியது. ஒரே பாய்ச்சல். வாயோரத்தில் வால் மட்டும் துடித்தது. இரண்டு விழுங்கலில் அதுவும் இல்லை. பிறகு அது நாக்கால் தன் கண்ணை நக்கித் துடைத்துவிட்டு மறுபடி பூச்சிக்குக் காத்திருந்தது.

அம்மா என்னை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பல்லி முட்டைய போட்டுட்டுப் போயிடும்டா. தன் குட்டி எதுன்னே அதுக்குத் தெரியாது. இதான் அம்மான்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தினம் இதான் அங்க இருந்துச்சு. கூடவே இருக்கறதுதானம்மா அம்மா?"

என் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை இறக்கி விட்டுவிட்டு அம்மா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தும் அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு பல்லிக்குட்டிக்காகப் பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று திகைத்துப்போனேன். லீவு முடிய இன்னும் எட்டே நாள்தான் இருந்தது. கதவோரம் நின்று நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

"விடும்மா. அது ரொம்பச் சின்னது. அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."