ரெண்டு சுத்து

பழைய ட்ரக்டரின் எஞ்சினை நிறுத்தியதும் ஸஹாப்தீன் மாமாவின் கை அந்தச் சின்ன ஸ்பானரைத் தேடுகிறது. காபரேட்டர் பக்கம் குனிந்து மெல்லிய கம்பியொன்றைக் கழற்றுகிறார். சாரன் முனையால் துடைக்கிறார். நட்டைக் கால் சுற்றுத் திருகி மறுபடி மாட்டுகிறார். எஞ்சினை இயக்கி, கழுத்தைச் சாய்த்துக் கேட்கிறார். திருப்தியில்லை. நிறுத்துகிறார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை இதுதான்.

சுமை கூடினால் எஞ்சினுக்கு எண்ணெய் கூட்டுவதும் குறைந்தால் குறைப்பதும் கவர்னர் என்ற கருவியின் வேலை. அதன் சொல்லைக் காபரேட்டரிடம் கொண்டுபோவது அந்தக் கம்பி. “புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல கதை கொண்டுபோற ஆள் மாதிரி, மகன். கூட்டிச் சொன்னா வீடு ரெண்டாப் போயிரும்” என்பார் மாமா.

கிண்ணியாவில் எங்களுக்குப் பக்கத்து வளவு அவருடையது. வயலுக்கு இப்போது கூலிக்குப் பெரிய ட்ரக்டர் வருகிறது. இந்த மண்ணெண்ணெய்க் கிழத்துக்கு மிஞ்சியிருப்பது, வெள்ளிக்கிழமைகளில் மகள் அம்ராவின் கோழிகளுக்கு அரை மூட்டைத் தவிடு கொண்டுபோகும் வேலை. இதன் சத்தத்திலேயே வருவது தெரிந்து கோழிகள் முன்கூட்டியே மதிலேறிவிடுமாம்.

“நெல்லுக் காயப்போட முத்தத்துல இடமில்ல. வித்துத் தொலைங்க” என்கிறார் லைலா மாமி.

மாமா மறுப்பதே இல்லை. வாங்க ஆள் வரும் நாளில் மட்டும் நட்டை இரண்டு சுற்று அதிகமாகத் திருகிவைப்பார். எஞ்சின் ஓவென்று ஏறும், அணையப்போவதுபோல் இறங்கும், மறுபடி ஏறும். “வயசாப் போச்சு, மூச்சு வாங்குது” என்று மரணவீட்டுக் குரலில் சொல்வார். வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். பட்டம் முடித்து, வேலை தேடியபடி மதிலோரம் நிற்கும் எனக்கு இதெல்லாம் தெரியும். வாய் திறக்காமல் நான் யாருக்கு நேர்மையாக இருக்கிறேன் என்பதுதான் விளங்குவதில்லை.

போன கிழமை தோணிகளைக் கரைக்கு இழுக்க ட்ரக்டர் தேடி, டவுனிலிருந்து லெஸ்லி வந்தார். அன்று ஸ்பானரைக் காணவில்லை. மாமா பெட்டியைக் கவிழ்த்தார், சீட்டின் கீழே துழாவினார்.

“என்ன தேடுறீங்க?” குசினி வாசலிலிருந்து மாமி கேட்டார்.

“ஒண்டுமில்ல.”

வேறு வழியில்லாமல் எஞ்சினை இயக்கினார். ஏற்றமில்லை, இறக்கமில்லை.

“ஸஹாப்தீன் நானா, தையல் மெசின் மாதிரியெல்லோ ஓடுது! நாளைக்கே லொறியோட வாறன்” என்றார் லெஸ்லி.

மாமா சீட்டின் பக்கம் குனிந்தார். சாரன் முனையால் சீட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். மாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேத்தண்ணியைக் கொண்டுவந்து லெஸ்லியிடம் கொடுத்தார். “அவசரப்படாதீங்க தம்பி. இது இப்படித்தான் முதல்ல நல்லா ஓடும்” என்றார். மாமாவின் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு சுத்து காணாது போல இரிக்கி, பாருங்க” என்றபடி, முந்தானைக்குள் சுற்றிவைத்திருந்த ஸ்பானரை எடுத்து அவர் கையில் வைத்தார்.