இன்பராஜ் துப்பாக்கி பார்க்கிறார்

வேலூர் லாங் பஜாரில் ஜமக்காளக் கடை வாசலில் ஒரு நடுவயது ஆள் குப்புறப் படுத்திருந்தால் சோடா வாங்க ஓட வேண்டாம். அது இன்பராஜ். விரிப்பு வாங்க வந்திருக்கிறார். இடது முழங்கையை ஊன்றி, இல்லாத துப்பாக்கியைத் தோளோடு அணைத்து, கன்னத்தைச் சாய்த்து, எதிர்ச்சாரிப் பாத்திரக் கடையில் தொங்கும் குக்கரை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். கைவண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். "முழங்கை வழுக்குது, வேற காட்டுங்க" என்பார். "ஜமக்காளம் படுத்துத் தூங்கறதுக்கு சார். கண்ண மூடிப் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்பார் கடைக்காரர்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் அவர் கையில். வெளிநாடு போகிற ஒவ்வொரு ஷூவும் டியூப் லைட்டுக்குக் கீழே அவர் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். மாடு உயிரோடு இருந்த காலத்தில் முள்வேலியில் கீறிக்கொண்ட தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, நூலளவு விலகிய தையல், எதுவும் தப்பாது. குறை இருக்கும் இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பு விழுந்த ஷூ ரிஜெக்ட். மேல்முறையீடு கிடையாது.

அந்த ஸ்டிக்கர் அட்டை ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் இருக்கும் என்பதுதான் சிக்கல். பெயிண்டர் முடித்துவிட்டுப் போன சுவரில் அம்பு. புது ஃபிரிட்ஜின் கதவில் அம்பு. ஒருமுறை பிரியாணிக் கடையில், தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காயில் புழு ஓட்டை கண்டுபிடித்து, தட்டின் ஓரத்தில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பினார். மனைவி ஹெலன் அங்கன்வாடி டீச்சர். கல்யாண விஷயம் யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு முன்னாடி பாத்ததெல்லாம் ரிஜெக்ட்டு. என்னப் பாக்க வந்த அன்னிக்கு எங்கூட்ல கரண்ட் இல்ல. தப்பிச்சேன்."

இன்பராஜுக்குச் சொந்த ஊர் விரிஞ்சிபுரம். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தது நாட்டுப்பற்றினால் அல்ல, பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரிக்காக. ஒருநாள் பாயிண்ட் டூ டூ ரைபிள் ஒன்றைக் கொடுத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பூரி மறந்துபோயிற்று. இன்றும் ஞாயிறு தவறாமல் வேலூர் ரைபிள் கிளப்பில் படுத்துக்கொள்கிறார். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு காகிதம். அதன் நடு வட்டம் சட்டைப் பொத்தான் அளவு. அதில் குண்டு விழ வேண்டும். "அங்க படுத்துட்டா ஒருத்தனும் நம்மளக் கூப்பிட மாட்டான்" என்பது அவர் சொல்லும் காரணம். நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் இருக்கிறவருக்கு அது போதும்.

வீட்டிலும் பயிற்சி உண்டு. மாப் குச்சியைத் தோளில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். காஸ் புக் பண்ணியாயிற்றா என்று ஹெலன் கேட்பார். பதில் வராது. "உசுரோட இருக்கீங்களான்னாச்சும் சொல்லிட்டு மூச்சப் புடிங்க" என்று தாண்டிக்கொண்டு போவார்.

சுடுகிறவர்கள் போடும் விறைப்பான ஜாக்கெட் கடையில் யானை விலை. இன்பராஜ் கம்பெனி ரிஜெக்டில் கிடந்த எருமைத் தோலை வாங்கி, போட்டி விதி சொல்லும் தடிமனுக்கு மேல் போகாமல் கேஜ் வைத்து அளந்து, தானே தைத்துக்கொண்டார். அது ஆள் இல்லாமலே நிற்கும். கூடத்து மூலையில் நின்ற அதைப் பார்த்து மாமியார் மரியம்மாள் ஒரு சாயங்காலம் "ஸ்தோத்திரம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். மருமகன் மதிக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கிளப்பில் எல்லோருக்குமாக இருப்பது ஒரே ரைபிள். தெருக்குழாய் மாதிரி. இவர் குறிமுள்ளைத் திருப்பி வைத்தால் அடுத்தவர் வந்து தன் கண்ணுக்குத் திருப்புவார். அதை வைத்துக்கொண்டு மாநிலப் போட்டிக்கான தகுதிப் புள்ளியை மயிரிழையில் விட்டார், அடுத்த வருடமும் விட்டார். சொந்த ரைபிள் இருந்தால் நிச்சயம் என்று லைசென்சுக்கு எழுதிப் போட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் எதிர்வீட்டுத் தேவகியைக் கேட்டார். "அவரா? கரப்பான்பூச்சி வந்தாலே பொண்டாட்டியக் கூப்புடுவாரு சார்" என்றார் தேவகி. லைசென்ஸ் வந்துவிட்டது. தேவகிக்கு நன்றி சொல்வதா, பேச்சை நிறுத்துவதா என்று இன்பராஜ் இன்னும் முடிவு செய்யவில்லை.

முடிவு செய்வதுதான் அவருக்கு வராதே. லைசென்சில் துப்பாக்கி வாங்கக் கெடு உண்டு. அதற்குள் வாங்காவிட்டால் மனு, போலீஸ், தேவகி எல்லாம் முதலிலிருந்து. இன்பராஜ் கெடு முழுவதையும் பார்ப்பதிலேயே செலவழித்தார். உள்நாட்டில் செய்த புது ரைபிள் கைக்கு அடங்கிய விலைதான். ஆனால் டிரிகர் இழுத்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்றார். ரிஜெக்ட். சென்னையில் வெளிநாட்டு ரைபிள் ஒன்று, புதுப்பெண் மாதிரி. விலையைக் கேட்டால் ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு மனை வாங்கலாம். வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் தடவிப் பார்த்து, வார்னிஷ் படாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துச் சொன்னார். "வாங்க வந்தீங்களா சார், பேப்பர் திருத்த வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் மிஞ்சியது நசீர் பாயின் ரைபிள். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்த நசீர் அகமது கிளப்பின் பழைய உறுப்பினர். கண்ணில் புரை விழுந்த பிறகு சுடுவதை விட்டுவிட்டார். அவருடையது செக் நாட்டுச் சரக்கு, வயதானது, விலை கம்மி. அதைக் கையில் வாங்கிய இன்பராஜ் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இரும்பில் கருமை தேய்ந்திருந்தது. மரக்கட்டையில் பீரோ கதவு இடித்த தழும்பு ஒன்று விரல் நீளத்துக்கு ஓடியது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. ஒட்டி முடித்தபோது ரைபிளுக்கு அம்மை போட்டிருந்தது.

"வேப்பல கட்டிடலாமா?" என்றார் நசீர் பாய். "பாரல்ல இன்னா கொற?"

"பாரல் கண்ணாடி மாதிரி கீது பாய். ஆனா மரத்துலதான்..."

"ஏம்பா, குண்டு மரத்து வழியாவா போவுது?"

இன்பராஜ் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார். யோசிக்க மீதி இருந்தது அந்த வாரம் மட்டும். அடுத்த செவ்வாயோடு கெடு முடிகிறது.

வீட்டில் விவரம் கேட்ட ஹெலன் வாசலில் கிடந்த அவருடைய ஷூவைத் துடைப்பத்தால் தள்ளிக் காட்டினார். அது கம்பெனி ரிஜெக்ட். இன்பராஜே அம்பு ஒட்டி ஒதுக்கியது. அதையே சல்லிசாக வாங்கி வருடக்கணக்காகப் போட்டுத் தேய்க்கிறார். "கால்ல ரிஜெக்ட்டு. மூலைல நிக்கிற உங்க ஜாக்கெட்டுத் தம்பியும் ரிஜெக்ட்டு. இதுல ஏதாச்சும் கிழிஞ்சுதா? கீறல் வெள்ளக்காரன் கண்ணுக்குத்தாங்க கொற. இன்னொரு தபா போலீஸு இந்தப் படியேறுச்சுன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்." இன்பராஜ் மாப் குச்சி கையில் இல்லாதபோதே மூச்சைப் பிடித்திருந்தார்.

ஞாயிறன்று நசீர் பாய் ரைபிளைக் கிளப்புக்குக் கொண்டுவந்தார். அம்புகளில் ஒன்றைக்கூடப் பிய்க்கவில்லை. நாலு பேர் சிரித்தார்கள். இன்பராஜ் ஜாக்கெட்டுக்குள் புகுந்து படுத்தார். முதல் ஐந்து குண்டு காகிதத்தில் ஆளுக்கொரு மூலையாகப் போனது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். வாயைத் திறந்தார், அந்தச் சொல் வருவதற்குள் நசீர் பாய் வேறொரு தோட்டாப் பெட்டியை நீட்டினார். "இது நாக்கு நீண்ட ஜென்மம். கண்டதையும் துன்னாது. இதப் போடு."

போட்டார். ஒன்று நடு வட்டத்தில். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது அதே ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கின. ஐந்தாவதுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கொக்கு பாலாற்றுப் பக்கம் போய்த் திரும்பியிருக்கும். வெடித்தது. காகிதத்தை எடுத்துவரச் செய்து பார்த்தால், நாலும் ஒரு பொத்தானுக்குள், ஐந்தாவது மட்டும் வெளியே, தனியாக, விசேஷ வீட்டில் கோபித்துக்கொண்டு நிற்கும் மாமா மாதிரி.

நசீர் பாய் புரை விழுந்த கண்ணுக்கு அருகில் காகிதத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது எதுனால? துப்பாக்கி கொறயா?"

இன்பராஜ் எழுந்து உட்கார்ந்தார். பீரோ கதவு இடித்த தழும்பின் மேலிருந்த சிவப்பு அம்பை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தார். அதைக் கீழே போட இடம் தேடுகிறவர்போல ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பிறகு டிரிகர் இழுத்த தன் வலது கை ஆட்காட்டி விரலில், அம்பின் நுனி நகத்தைச் சரியாகப் பார்க்கும்படி ஒட்டிக்கொண்டார்.