இரண்டாம் வரிசைக்காரரும் கிருகப்பிரவேசப் பசுவும்

விஜயநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடிக்கு, யோகா கற்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் குடிவந்தார். கதவளவு அகலம். காதுகள் இரண்டும் பிசைந்த மாவை உருட்டாமல் ஒட்டியதுபோல் கசங்கியிருந்தன. யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து என் மனைவி சில நாள் ரசம் கொடுத்தனுப்பினாள்.

விசாரித்தேன். தன் நாட்டு அணிக்கு ரக்பி ஆடியவராம், இரண்டாம் வரிசை. அந்த ஆட்டத்தில் இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்துக் குனிந்து எதிரணியைத் தள்ளும் கட்டம் ஒன்று உண்டு. இரண்டாம் வரிசைக்காரர் முன்னால் நிற்கும் இருவரின் இடுப்புகளுக்கு நடுவே தலையை நுழைத்துத் தள்ள வேண்டும். காதுகள் போனது அங்கேதான். நாட்டுக்காக அவர் ஒரே ஒருமுறை புள்ளி எடுத்ததும், பின்னாலிருந்தவர்கள் தள்ளியதில் பந்தோடு கோட்டுக்கு அப்பால் விழுந்ததால்தான். பல நாடுகளுக்குப் போயும் தான் பார்த்ததெல்லாம் அடுத்தவன் பின்பக்கம்தான் என்றார்.

அடுத்த தெருவில் நாங்கள் கட்டிய வீட்டின் கிருகப்பிரவேசத்துக்கு அவரையும் அழைத்தோம். ராகு காலத்துக்கு முன் பசு உள்ளே நுழைய வேண்டும், பிறகு பால் காய்ச்ச வேண்டும். நான் எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன், பசுவின் அபிப்பிராயத்தைத் தவிர.

வாசல்வரை வந்த பசு பளபளத்த டைல்ஸைக் கண்டதும் நின்றுவிட்டது. மாட்டுக்காரர் கயிற்றை இழுக்க இழுக்கப் பின்னால் போனது. சாக்கு விரித்தோம். வெல்லம் காட்டினோம்; அதை மட்டும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டது.

"தண்ணி கொட்டின மாதிரி மின்னுது, அது எப்படிங்க கால் வைக்கும்? மின்னாத டைல்ஸா எடுங்கன்னு கடையிலயே சொன்னேன்" என்றாள் மனைவி. பசு வராத வீட்டில் பால் காய்ச்சமாட்டேன் என்றும் சொன்னாள். இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆடி முழுக்கக் காத்திருக்க வேண்டும். பழைய வீட்டுக்கோ வேறு குடும்பம் வரப்போகிறது.

பிரெஞ்சுக்காரர், நான் கட்டிவிட்டிருந்த வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பசுவின் பின்னால் தோளைக் கொடுத்தார். பசு திருப்பித் தள்ளியது. அவர் முகம் மலர்ந்தது. தள்ள முடியாத அணியைத் தள்ளக் கூடாது, சுழற்ற வேண்டும் என்று எனக்கு விளக்கிவிட்டு, பக்கவாட்டில் தோளை வைத்துப் பசுவைத் தெருப்பக்கம் திருப்பினார். பிறகு கயிற்றைத் தெருவை நோக்கி இழுக்கும்படி மாட்டுக்காரருக்குச் சைகை செய்தார். பசு வழக்கம்போல் பின்னால் போயிற்று. நிலைப்படியைத் தாண்டிக் கூடத்தில் போய் நின்றது.

எல்லோரும் சாஸ்திரிகளைப் பார்த்தோம்.

"வால் முன்னாடி வரலாமா சாமி?" என்று மனைவி கேட்டாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பசுவுக்கு லட்சுமி எங்கம்மா இருக்கா? பின்பக்கத்துலதானே? மத்த வீட்டுக்கெல்லாம் மூஞ்சி போன அப்புறம்தான் அவ போவா. உங்க வீட்டுக்கு அவளே முதல்ல வந்துட்டா. போய்ப் பாலை வைங்க."

மனைவி பசுவின் பின்பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே ஏன் கும்பிடுகிறாள் என்று பிரெஞ்சுக்காரர் கேட்டார். சொன்னேன். கசங்கிய காதைத் தடவியபடி சற்று யோசித்தார். அப்படியானால் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் தலை சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது என்றார்.

உள்ளே பால் பொங்கியது.