மார்ட்டின் தட்டில் மிச்சம்

அங்கன்வாடியில் கர்ப்பிணிகள் ஏறி நிற்கும் எடை மெஷினில் லிடியா டீச்சர் ஏறுவது, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான். மாதாமாதம் வடக்கனந்தல் குழந்தைகளின் எடையை எழுதுகிறவளுக்குத் தன் எடையைப் பார்க்கத்தான் தைரியம் வராது. அன்றைக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். எண்பத்து மூன்று. அடக் கடவுளே! போன மாதம் எண்பத்தொன்றுதானே?

அழகுக்காக இளைக்க நினைத்தவள் இல்லை அவள். புருஷன் மார்ட்டினுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ் நடக்கிறது. லிடியாவின் கிட்னி பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். "இந்த எடையில எடுக்க முடியாது, எழுபத்தஞ்சு கிலோவுக்கு வாங்கம்மா, தேதி தர்றேன்" என்றார் டாக்டர். சொல்லி ஐந்து மாதம் ஆகிறது.

தவக்காலம் வந்ததும், இதுதான் சமயம் என்று ஒருசந்தி பிடித்தாள். நாளுக்கு ஒரே வேளை, சாயங்காலம் இரண்டே தோசை. கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள். அப்புறம் எடை எப்படி ஏறும்? எப்படி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று மார்ட்டினுக்குச் சோறு இறங்காது. நாலு வாய் அளைந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். நிறைந்த தட்டைப் பார்த்தால் பதின்மூன்று வயது மகள் ரீத்தாவின் முகம் செத்துப்போகும். அதற்குப் பயந்தே லிடியா தட்டை அடுப்படிக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். பசியா என்றால் பசி இல்லை. உப்பில்லாத சோறு, ருசியும் கிடையாது. வாய் மெல்லுகிற வரைக்கும் நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருக்கும், அவ்வளவுதான். பாழாய்ப்போன கை அதோடு நிற்குமா? சட்டிச் சோறும் போகும், டப்பாவிலிருக்கும் மரவள்ளி சிப்ஸும் போகும். பிறகு காலித் தட்டை மகளிடம் காட்டுவாள். "பாத்தியா, உங்கப்பா எல்லாத்தையும் துன்னுட்டாரு."

அந்த வாரம் ஆஸ்பத்திரியில், மார்ட்டின் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, நர்ஸ் லிடியாவின் எடையை உரக்கப் படித்தாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இவர் உடம்பு தாங்கும்போதே செஞ்சாகணும்மா. ரொம்ப நாள் தள்ள முடியாது."

பஸ்ஸில் மார்ட்டின் கேட்டான். "ஒருசந்தி இருந்துகினு எப்பிடி ஏறுது?"

"உங்க மிச்சத்த நான்தாங்க துன்னுகினு இருக்கேன். பயமா இருக்குதுங்க. பயம் வந்தா கை தானா போவுது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் வழக்கம்போல நாலு வாயோடு அவனுக்கு நின்றுபோனது. தட்டை எடுக்க லிடியா கையை நீட்டினாள். அவன் விடவில்லை. மகளைக் கூப்பிட்டான்.

"பாப்பா, அப்பாவால துன்ன முடியலம்மா. இத்தினி நாளும் முடியல."

"தெரியும்பா."

"இன்னாடி தெரியும்?" என்றாள் லிடியா.

"அப்பா துன்னிருந்தா நீ ஏன் அடுப்படிக் கதவ சாத்துற?"

லிடியாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. யாருக்காகத் தின்றாளோ, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! ரீத்தா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கோழிகள் ஓடி வரும் சத்தம் கேட்டது. லிடியாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது, கை சிப்ஸ் டப்பாவைத் தேடியது. அது இருந்த இடத்தில் இல்லை.

காலித் தட்டோடு திரும்பி வந்த மகள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"பயமா இருந்தா என்ன கூப்புடும்மா. இன்னும் எட்டு கிலோ இருக்குது."