அறுத்த சோளத்தின் துளிர்

எழுபதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். மதுரையில் பத்திரிகை வேலையிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் புஞ்சையில் அண்ணனின் உழவு மாடு ஒன்று செத்துக் கிடந்தது. காலையில் மேயவிட்ட கொஞ்ச நேரத்தில் தள்ளாடி விழுந்ததாம். வாயில் நுரை.

பக்கத்துப் புஞ்சைக்காரர் எங்களுக்கு மாமன் முறை. இரண்டு வருடமாக வரப்புத் தகராறு. முந்தின நாள்தான் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார். டப்பா வரப்போரம் கிடந்தது. குனிந்து பார்த்தேன். மூடி இல்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று அண்ணன் அவரை மாமா என்று கூப்பிடவில்லை.

"வெள்ளிக்கிழமை கோயில்ல சூடத்தை அணைச்சு, மருந்து வைக்கலன்னு சத்தியம் பண்ணட்டும். இல்லன்னா கிணத்துப் பக்கமே வரக் கூடாது."

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மாமாவின் பருத்திக்கு வேறு தண்ணீர் கிடையாது.

அவர் சைக்கிளை எடுத்தார். மதியம் அருப்புக்கோட்டையிலிருந்து மாட்டு டாக்டரைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பினார். அவரே ஏன் போய்க் கூட்டிவர வேண்டும்? எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை.

டாக்டர் மாட்டை அறுத்துப் பார்த்தார். ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது.

"எங்க மேஞ்சுச்சு?"

அண்ணன் எங்கள் மானாவாரிச் சோளக்கட்டையைக் காட்டினார். அறுவடைக்குப் பின் காய்ந்து கிடந்தது, போன வாரத் தூறலில் ஒரு சாண் துளிர்த்திருந்தது. இளஞ்சோளத்தில் மாட்டை விடக் கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கதிர் கொடுத்து முடித்த கட்டையை யாரும் இளஞ்சோளமாக நினைப்பதில்லை.

"தண்ணியில்லாம வாடித் துளிர்க்கிற சோளம் தன்னைக் காப்பாத்திக்க விஷத்துக்கு வழி பண்ணி வச்சிருக்கும். மாடு மென்னதும் வெளிய வந்துரும். ரத்தம் இப்படிச் செவந்திருக்கிறது அதோட அடையாளம், பூச்சிமருந்துன்னா இப்படி இருக்காது" என்றார் டாக்டர்.

"என் சோளம் என் மாட்டையே கொல்லுமாக்கும்! சைக்கிள்ல ஏத்திட்டு வந்தவுக என்னத்தச் சொல்லிக் கொடுத்தாகளோ."

மாமா முதல்முறையாக வாய் திறந்தார்.

"சூடம் அணைக்க இன்னைக்கே வாரேன் மாப்ள. அதுக்கு முன்னாடி உன் இன்னொரு மாட்டை அந்தத் துளிர்ல அவுத்து விடு. பக்கத்துல நானும் நிக்கேன்."

அண்ணன் வேப்பமரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். மாடு பச்சையைப் பார்த்து இழுத்தது. அண்ணன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றார். டாக்டர் கை கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மாட்டுக்குப் பசிக்கலையாமா?"

அண்ணன் மாட்டை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை யாரும் சூடம் ஏற்றவில்லை. மாமா வழக்கம்போல் கிணற்றுக்கு வந்தார். மதுரைக்குக் கிளம்புமுன் நான் மட்டும் அந்த டப்பாவை மறுபடி போய்ப் பார்த்தேன். மூடி இரண்டடி தள்ளி மண்ணில் கிடந்தது. முதல் தடவை நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.