தூணுக்குப் பின்னால் ஒரு மேசை

மலேசிய எல்லைக்கு வடக்கே இருக்கிற ஹாட் யாய் ரயில் நிலையத்தின் வாசலில் டுக்டுக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும், இறங்கி வருகிற ஆளைப் பார்த்ததும் எங்கே போக வேண்டும் என்றுதான் கேட்பார்கள். தாவோன் கேட்க மாட்டான். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனியாக வந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிற மலேசிய ஆணைக் கண்டால், "முதல்ல சாப்பிடலாம், வாங்க" என்பான். அவ்வளவுதான்.

நேராகக் கோழி பொரிக்கிற பாயம்மா கடைக்குக் கூட்டிப் போவான். பொரித்த வெங்காயம் தூவின கோழியும் சோறும் வந்ததும், தான் எதிரே உட்காராமல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்ப்பான். வாசலைப் பார்த்து உட்காருகிறவனுக்குப் பயம் கொஞ்சம். சுவரைப் பார்த்து உட்காருகிறவனுக்கு அதிகம். சோற்றைத் தொடாமல் எலும்பையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறவனை அன்றைக்கு எங்கும் அழைத்துப் போக மாட்டான். விடுதியில் இறக்கிவிட்டு வந்துவிடுவான். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்தாலுங்கில் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய வருஷம் வீட்டை விட்டு ஹாட் யாய்க்கு வந்தான். முதல் மாதம் முழுக்கச் சுவரைப் பார்த்தே சாப்பிட்டான்.

சாப்பிட வைத்த பிறகுதான் ஜே வான் கடை. சந்தைக்குப் பின்சந்தில், கீழே முடிதிருத்தகம், மேலே மதுக்கடை. ஆண்கள் ஆண்களைத் தேடி வருகிற இடம். ஜே வானும் ஆண்தான். ஆனால் மேடையில் பட்டும் பவளமுமாக நின்று பாடிப் பாடி, ஊருக்கே அக்கா ஆகிவிட்டாள். அவள் பாடினால் பிடித்தவர்கள் எழுந்துபோய் மல்லிகை மாலை போடுவார்கள். சனிக்கிழமைகளில் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுவதும் உண்டு. அதனால் எல்லை தாண்டி வந்தவர்களுக்கென்று தூணுக்குப் பின்னால் ஒரு மேசை. அவர்களுடைய மாலைகளைத் தாவோன்தான் வாங்கிக்கொண்டு போய்ப் போடுவான். மேடையோரம் நிற்கும், படமெடுக்கிற முக்காலியில் போன் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் அவன் யாரையும் உள்ளே விட்டதில்லை. ஒருமுறை, அவனுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட படத்தில் ஈப்போக்காரர் ஒருவர் விழுந்துவிட்டார். அவர் திரும்ப வரவேயில்லை. என்ன ஆனார் என்றும் தெரியவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

ஹில்மி எல்லைக்கு அப்பால் கெடாவில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ரயிலேறிவிடுவான். முதல் தடவை எலும்பைத் திருப்பிப் பார்த்தவன்தான். பிறகு தாவோனின் அறையிலேயே தங்கத் தொடங்கி ஐந்து வருஷம் ஓடிவிட்டது. எல்லை தாண்டி ஒருவருக்கொருவர் போன் பேசுவதில்லை, செய்தி அனுப்புவதில்லை என்பது இருவரும் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வியாழக்கிழமை ரயிலில் வந்தால் வந்தான். வராவிட்டால் அடுத்த வியாழன்.

அந்த வியாழக்கிழமை ஜே வானுக்கு அறுபது. சீனக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது பெரிய நாள். சிவப்புப் பட்டு, மேடைக்கு முன்னால் நீள மேசை, அதில் முழு வாத்து, பீச் பழம்போலச் செய்த இளஞ்சிவப்புப் பன்கள் மலைமலையாக. நாலு மாலைகளை ஒரே கையில் கோத்துக்கொண்டு தாவோன் போனபோது அவள் மைக்கிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னடா இது, நாலு பேர் மாலையையும் நீயே போடுறியா? அறுபது வயசுக்காரிக்கு யாராவது ஆள் வச்சு மாலை போடுவாங்களா? ஆயுசு கொறஞ்சிரும்டா. மாலை வாங்கினவங்க கையாலயே வரட்டும்."

கடை சிரித்தது. தூணுக்குப் பின்னாலிருந்து ஹில்மி தாவோனைப் பார்த்தான். தாவோன் முக்காலியைப் பார்த்தான். வெறும் முக்காலி.

"கேமரா இல்ல, போ" என்றான்.

ஹில்மி போனான். மாலை போட்டான். ஜே வான் அவன் தலையை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட, உதட்டுச்சாயம் ஒட்டின முகத்தோடு திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்படி வெளிச்சத்தில் நின்று அவன் சிரித்து தாவோன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, தாவோன் காலைப் பலகாரத்துக்கு டிம்சம் வாங்கப் போன இடத்தில் அவனோடு வண்டி ஓட்டுகிற புன்சாக் மூங்கில் கூடையைத் திறந்தபடியே சொன்னான்: "உங்க வாத்தியாருக்கு நேத்து நல்ல முத்தமாமே. என் பொண்டாட்டி பாத்துட்டு, எனக்கும் இப்படி ஒரு அறுபது வராதான்னு கேக்குறா."

"எங்க பாத்தா?"

"போன்லதான். வேற எங்க?"

டிம்சத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

ஜே வான் முகத்தில் பூச்சு கலைந்தும் கலையாமலும் கதவைத் திறந்தாள். பாங்காக்கில் இருக்கிற பழைய ஆட்டக்காரிகள், வர முடியவில்லை, நாங்களும் பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். போனைப் பன் மலைக்கு நடுவில் செருகி வைத்ததே அவள்தான். வியாழக்கிழமையில் நேரலை போட்டதில்லை. அதனால் யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை.

"அழிச்சிட்டேன்டா, இப்பவே அழிச்சிட்டேன்" என்றாள். "ஆனா அதுக்குக் கீழ எவனோ ஒண்ணு எழுதியிருந்தான். அழிக்கறதுக்கு முன்னாடி படம் பிடிச்சு வச்சேன்."

மலாயில் ஒரே ஒரு வரி. இது நம்ம ஹில்மி சார்தானே? எழுதினவன் பெயர் ஏதோ எண்ணும் எழுத்துமாக இருந்தது. முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம்.

அறைக்குத் திரும்பிக் காட்டியபோது ஹில்மி ஈரத் துண்டோடு நின்றிருந்தான். படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து துண்டை நான்காக மடித்தான்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றான் தாவோன்.

"ஆமா."



மத்தியானம் ஜே வான் கஞ்சியோடு வந்தாள். "தம்பி, நான் சொல்றதக் கேளு. வியாழக்கிழமை சாயங்காலம் என் ஃபேஸ்புக் பக்கத்தத் தேடி வந்து எவன் பாப்பான்? உங்க தலைமையாசிரியரா பாப்பார்? பாத்தவனும் நம்ம ஆளாத்தான் இருப்பான்."

"இருக்கலாம் அக்கா. ஆனா பயந்தவன்தான் முதல்ல அடுத்தவனக் கைகாட்டுவான். தன்மேல கண்ணு விழாம இருக்கணுமில்ல?"

ஜே வான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஹில்மியை நிலையத்துக்குக் கொண்டுபோகும் வழியில் தாவோன் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டினான்.

"இங்கயே இருந்துரு."

"இருந்து? பாயம்மா கடைல கோழி பொரிக்கவா?"

"வெளையாடாத."

"அம்மா தனியா இருக்காங்க, தாவோன். நான் ஓடிட்டேன்னா எல்லாம் உண்மைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. போனா, ஒருவேளை, யாருக்கும் தெரியாமலே இருக்கலாம். தெரிஞ்சிருந்தா..." அவன் முடிக்கவில்லை. "எடு வண்டிய. ரயில் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளி திறக்கும். அந்த நாள் முழுக்கத் தாவோன் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தான். அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையைத் தன் மனத்திலேயே கட்டினான். அதில் ஒவ்வொரு நாற்காலியிலும் பூனை முகத்தோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பேச ஒரு வழி இருந்தது, எண் இருந்தது. ஆனால் இந்த நேரத்தில் ஹில்மியின் போன் யார் கையில் இருக்கிறதோ? திங்கள் வந்தது. செவ்வாய் வந்தது. ஊரெல்லாம் போன்களாகத் தெரிந்தது. பாயம்மா கடையில் ஒரு பெண் தான் கோழி தின்பதைத் தானே படமெடுத்துக்கொண்டிருக்க, அவள் படத்தில் போய் விழுந்துவிடாமல் சுவரோடு சுவராக ஒதுங்கினான். புதிதாக வந்து இறங்கிய பினாங்குக்காரர் ஒருவரிடம், "இங்க ஒண்ணும் இல்ல சார், ஊருக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டான்.

ஜே வான் அது தெரிந்து அவனைப் பிடித்துத் திட்டினாள். "உன் பயத்த உன்னோட வச்சிக்கடா. வர்றவனுக்கு ஏன் ஊட்டுற? அவன் எத்தன வருஷம் யோசிச்சு ரயிலேறினானோ."

"நீங்க பன்னுக்கு நடுவுல போன் வச்சவங்க. பேசாதீங்க" என்றான். அவளிடம் அப்படி அவன் பேசியதில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழன். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடைமேடைக்கே போய் நின்றான். ரயில் வந்தது. கூடை தூக்கினவர்கள், எல்லையில் துணி வாங்கின பெண்கள், இரண்டு பிக்குகள் இறங்கினார்கள். கூட்டம் வடிந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து ஹில்மி இறங்கினான்.

தாவோன் இரண்டு எட்டு முன்னால் போனான். பக்கத்தில் வந்தவன் தொடவில்லை. இருவரும் பொது இடத்தில் தொட்டுக்கொள்வதில்லை.

"ஜம்ரி" என்றான் ஹில்மி. "ஓவியம் சொல்லிக் குடுக்குறவரு. ரெண்டு பிள்ளைங்க. ஞாயித்துக்கிழம என் முகத்தயே பாக்கல. செவ்வாக்கிழம ரூம்ல யாரும் இல்லாதப்ப வந்து, 'சார், அங்க எந்தக் கடைல சாப்பிடுவீங்க?'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"மெரட்டுறாரா, கேக்குறாரான்னே தெரியல. கைல சாக்பீஸ் ஒடஞ்சிபோச்சு. 'பொரிச்ச கோழி'ன்னேன். 'நம்ம ஊர்க்காரங்க வருவாங்களா'ன்னாரு. 'வருவாங்க, ஆனா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க'ன்னேன். அப்பதான் அவரு அழுதாரு."

"பூனை?"

"அவர் வீட்டுப் பூனையாம். நேரலைல என்னப் பாத்ததும் கை தானா எழுதிருச்சாம். எழுதினதும் போன அணைச்சிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாராம், நான் அவரக் காட்டிக் குடுத்துருவேன்னு பயந்து."

தாவோன் மூச்சு விட்டான். ஆனால் ஹில்மியின் முகம் இன்னும் தெளியவில்லை. அவன் ரயிலைத் திரும்பிப் பார்த்தான்.

"கூட வந்திருக்காரு. எறங்க மாட்டேங்குறாரு."

காலியான பெட்டியில், ஜன்னலிலிருந்து தள்ளி, வழுக்கை விழுந்த ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தாவோன் ஏறிப்போய் எதிர் இருக்கையில் உட்கார்ந்தான். பின்னாலேயே ஹில்மியும் ஏறினான்.

"இந்த ரயில் திரும்ப எப்ப போகும்?" என்று ஜம்ரி கேட்டார்.

"நாளைக்குக் காலைல சார்."

"அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருந்தா?"

"கதவப் பூட்டிருவாங்க."

இந்த மனிதர் இன்று மிரண்டு திரும்பினால், நாளை யாராவது அதட்டிக் கேட்டதும் ஹில்மியின் பெயர்தான் முதலில் வாயில் வரும். தாவோனுக்கு அது தெரிந்தது. ஹில்மிக்கும் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத் தாவோன் வாயெடுத்தான். அந்த மாதிரி ஒரு சொல்லை நம்பித்தான் ஹில்மி அன்றைக்கு மேடைக்கு எழுந்து போனான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார்" என்றான் தாவோன். "இந்த வாரம் எனக்குச் சோறே எறங்கல."

ஜம்ரி முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

பெட்டியைக் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "காலத் தூக்குங்க" என்றாள். மூவரும் தூக்கினார்கள். அவள் கூட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனாள். தாவோனும் ஹில்மியும் கால்களை இறக்கிவிட்டார்கள். ஜம்ரி இரண்டு கால்களையும் தூக்கியபடியே, தரையில் வைக்கலாமா என்பதுபோல், திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.