அந்தப் போர்வைக்கு என்ன பேர்?

தையல்கடையில் தைப்பது பாதி வேலை, "மிச்சத் துணி எங்கே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது மீதி வேலை. மிஷினில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்ட அக்கா தங்கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்கிப் போகிறவர்கள் போக, வேண்டாமென்று விட்டுப் போகிறவர்களின் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேரும். கொட்டவும் மனசு வராது, வைக்கவும் இடம் இருக்காது.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. ஒரு மழைக்காலத்தில் மூட்டைகளால் கால் வைக்க இடமில்லாமல் போனபோது, நானும் என்னோடு தைக்கிற அரியாங்குப்பத்துச் செல்வியும் அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போர்வையாக்கினோம். அடியில் ஒரு முழுத் துணி, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு, மேலே ஊரார் ஜாக்கெட் எல்லாம். தையல் சுலபமாகக் கைக்கு வந்துவிட்டது. அதற்கு ஒரு பேர் வைப்பதில்தான் மாட்டிக்கொண்டோம்.

ஒட்டு

அஞ்சலைக்கா வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவந்து மார்க்கெட்டில் விற்பவர். விற்று முடித்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் எங்கள் கடை வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அன்றைக்குக் கொடியில் தொங்கிய முதல் போர்வையைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். கையில் மீன் வாடை என்று தொடவில்லை. முழங்கையால்தான் தடவிப் பார்த்தார். அவர் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

"இதுக்கு என்னம்மா பேரு?" என்றார். "ஒட்டுப் போர்வைக்கா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சரி, முதல் வியாபாரமே போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் போகவில்லை. பையில் போட்டு, மேலே ஒரு கவரும் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே அவர் தெருவிலிருந்து இன்னும் சிலர் தேடி வந்தார்கள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அன்றைக்குப் படியிறங்கும்போது அவர் சொன்னது இது: "நல்லாருக்கும்மா. ஆனா ஒட்டுன்னு மட்டும் சொல்லாத. எம் பேரப்புள்ள பொறந்ததுமே ஒட்டுப் போட்டதையா போத்திக்கணும்?"

கூவெர்த்தூர்

அடுத்த பேர் சொல்தா ஐயாவிடமிருந்து வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்றுதான் சொல்வோம். பேன்ட் இடுப்பைப் பிடிக்கத் தருவதற்காக எங்கள் கடைக்கு வருவார். "பிரெஞ்சுல போர்வைக்கு கூவெர்த்தூர்னு பேரும்மா. அப்படி எழுதிப் போட்டா டூரிஸ்டு தேடிக்கிட்டு வருவான்" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு அட்டையில் தமிழிலும் பிரெஞ்சிலும் தன் கையாலேயே அழகாக எழுதி மாட்டிவிட்டும் போனார்.

டூரிஸ்ட் யாரும் எங்கள் சந்துக்குள் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பைகளும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம் வந்து அட்டைக்கு நேர் கீழே நின்றது. வெகு நேரமாகியும் உள்ளே வரவில்லை. "வாங்க, பாருங்க" என்றேன். அந்த வீட்டுக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கூவத்தூர் பஸ் எப்பம்மா வரும்?" என்றார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான்தான் அவர்களை ஆட்டோ ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினேன். மறுநாள் சொல்தா ஐயாவிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பரவால்லம்மா, நாளைக்கு அதே ரூட்ல மகாபலிபுரம்னு எழுதிப் போடுவோம், இன்னும் நெறைய பேர் வருவாங்க!"

பேட்ச் ஒர்க்

செல்வியின் மகள் காலேஜில் படிக்கிறாள். "இங்கிலீஷ்ல இதுக்குப் பேர் பேட்ச் ஒர்க்" என்று சொல்லி, என் நம்பரோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே ஒரு போன்.

"பேட்ச் ஒர்க் பண்றது நீங்கதானே? ரெண்டு எடத்துல ஒழுகுதும்மா" என்றார் ஒருவர். சின்னக் குழந்தை இருக்கும் வீடு போல என்று நினைத்துக்கொண்டேன். "ஒழுகினா என்ன சார், தொவைச்சுக் காயப் போட்டா சரியாயிடும்" என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "மொட்டமாடியையாம்மா?"

பூனை

இது ஒரு அப்பாவின் கதை. பேச்சு இப்போதுதான் திருந்தி வரும் அவருடைய பையனுக்கு எங்கள் போர்வை இல்லாமல் தூக்கம் வராது. ஒருநாள் அதை பஸ்ஸில் விட்டுவிட்டார்கள். ராத்திரி வேறு போர்வையைப் போர்த்தியிருக்கிறார்கள். பையன் "பூனை, பூனை" என்று ஒரே அழுகை. போர்வை ஞாபகமே வராத அப்பா, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று மறுநாள் எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்திருக்கிறார். அழுகை இரண்டு மடங்காகிவிட்டது. போர்வையின் ஒரு மூலையில் பூனைப் படம் போட்ட துணி வைத்திருந்தோம் என்பது அவன் அம்மாவுக்குத்தான் கடைசியில் உறைத்தது.

நல்லவேளை, அந்தத் துணியில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போர்வை கெடச்சிடுச்சுக்கா. அந்தப் பூனைய என்ன பண்றதுன்னும் நீங்களே சொல்லிடுங்க."

கந்தல்

சிரிப்பெல்லாம் இதோடு சரி. பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் லதா என்பவர் தன் மகள் திவ்யாவின் கல்யாணத்துக்கு எல்லா ஜாக்கெட்டையும் என்னிடம்தான் தைத்தார். பட்டுத் துண்டுகள் அவ்வளவு அழகாக மிஞ்சின. பாவாடை தைத்த காலத்திலிருந்து எனக்குத் திவ்யாவைத் தெரியும். அதனால் அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, என் அன்பளிப்பாக ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து போனதிலேயே நல்ல போர்வை அதுதான்.

நிச்சயதார்த்தத்தன்று லதா அதைச் சீர்த்தட்டில் வைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அத்தை அதைக் கையில் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கந்தலை எல்லாமா சீர்ல வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டாராம். மறுநாள் லதா பையோடு கடைக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க ஜரினாக்கா, சபையில தலை குனிஞ்சுட்டேன்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அம்மாவுக்கு ஆயிரம் பயம் இருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் அளவு தப்பிவிட்டது என்று எவ்வளவோ திட்டு வாங்கியும் அழாதவள், அன்றைக்கு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "இனிமே போர்வையே வேணாம் செல்வி" என்றேன். அவள் போர்வையைப் பிரித்துப் பார்த்து, நூல் ஏதாவது விட்டிருக்கிறதா என்று தடவி, மறுபடி மடித்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கடை திறந்ததும் திறக்காததுமாக வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. திவ்யா. ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "எங்கக்கா என் போர்வை?" என்றாள். "வேணாம்மா, உங்கம்மாவுக்குச் சங்கடம்" என்றேன். அவளே அலமாரியைப் பார்த்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "சீருன்னா அம்மா வைக்கலாம், எடுக்கலாம். இது நீங்க எனக்குக் குடுத்தது. திருப்பிக் குடுக்க அம்மா யாரு?"

அது

கல்யாணம் முடிந்து மார்கழிக் குளிரும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் நல்ல உயரமான ஒரு அம்மா வாசலில் வந்து நின்று, "திவ்யாவோட மாமியாரு" என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். எனக்குக் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்னால் ஏதாவது பேச்சு வந்துவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. நாற்காலியைப் போட்டு, டீ சொல்லி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீயை முழுசாகக் குடித்து முடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மருமகள் வெளியூர் போயிருந்தபோது குளிருக்கு அதை எடுத்துப் போர்த்திப் படுத்தாராம். நல்ல கதகதப்பாம். அவள் வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். "அவகிட்ட எப்படிக் கேக்குறது? எனக்கும் அது ஒண்ணு வேணும்" என்றார். 'அது' என்றாரே தவிர, என்ன பேர் சொல்லிக் கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை. செல்வி உள்ளேயிருந்து மூன்று நான்கைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். அவர் நிதானமாகத் தேர்ந்தெடுத்து, பையில் வைத்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கந்தல்னு சொன்னது எங்க நாத்தனாரு, நான் இல்லம்மா. நான் இங்க வந்தது மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்."

இப்போதும் எங்கள் போர்டில் 'தையல்கடை' என்று மட்டும்தான் இருக்கிறது. வருகிற புண்ணியவதிகள் ஆளுக்கொரு பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள், எந்தப் பேரைச் சொன்னாலும் "இருக்கு" என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.